விருப்பமும் விசாரணையும்

ஓய்வாகச் சிலர் கூடியிருக்கும் வேளையில், பேச்சு எங்கெங்கோ சென்று, பழைய தொலைக்காட்சித் தொடர்களையும், சிறுபராயத்தில் வாசித்த சித்திரக்கதைகளையும், அவரவர் பொழுதுபோக்குகளையும், வாசிப்பு விருப்பங்களையும் தொட்டு நிற்பது வழக்கம். அப்போது ஒருவர், பறந்து செல்லும் வீரனொருவன் தோன்றும் பழைய அமெரிக்கத் தொடரொன்று தமக்கு இன்றும் பிடிக்கும் என்று சொல்வாராயின், அடுத்த கணமே, “அது வெறும் சிறுபிள்ளை விளையாட்டுத்தான்” என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்வார். ருஷ்ய நாவலொன்று பிடிக்கும் என்று சொல்பவர் அவ்வாறு எதனையும் சேர்ப்பதில்லை. முன்னவர் எவரிடம் மன்னிப்புக் கேட்கிறார்? என்ன குற்றத்துக்காகக் கேட்கிறார்?

கேள்வி அற்பமானது போலத் தோன்றலாம். ஆயினும் ஒழுக்கவியலின் பழைய பிரச்சினையொன்று இதற்குள் அடங்கியிருக்கிறது. ஒரு மனிதன் தன் ஓய்வில் எதனை விரும்புகிறான் என்பது அறம் சார்ந்த விடயமா? அவ்விருப்பத்தைக் கொண்டு அவனை மதிப்பிடும் உரிமை நமக்கு உண்டா? வழக்கமாக இதற்கு இரண்டு விடைகள் தரப்படுகின்றன. விருப்பம் அவரவர் சொந்த விடயம், அதில் பிறர் பேசுவதற்கு ஒன்றுமில்லை என்பது ஒரு விடை. ஒருவன் எதனை விரும்புகிறான் என்று தெரிந்தால், அவன் எத்தகையவன் என்று தெரிந்துவிடும் என்பது மற்றையது. முதல் விடையை ஏற்றுக்கொண்டால் கலை பற்றிய விமர்சனமே இல்லாமற் போகும். இரண்டாவது விடையை ஏற்றுக்கொண்டால் மனந்திறந்து பேசுவோர் இல்லாமற் போவர். இவ்விரண்டும் தவறானவை என்பதே என் கருத்து. விசாரணைக்கு உட்பட வேண்டியவை விரும்பப்படும் படைப்பும், அதனை ஆக்கி விற்ற ஏற்பாடும் ஆகும். விரும்பும் மனிதனைக் கூண்டில் நிறுத்துவது அநீதி. அத்துடன் அது விசாரணையையே கெடுத்துவிடும். ஏனெனில் அந்த விசாரணைக்கு மிகச் சிறந்த சாட்சி அவனே.

இதற்கு எதிராக முதலில் எழக்கூடிய ஓர் ஆட்சேபத்தைக் கவனிப்போம். திருக்குறளில் பயனில சொல்லாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறதே, பழைய தொலைக்காட்சி வீரர்களைப் பற்றிய பேச்சு வீண்பேச்சு அன்றோ என்று கேட்கலாம். ஆயின் பயன் வேறு, இலாபம் வேறு. நண்பர் இருவர் தமக்குப் பிடித்தவற்றைச் சொல்லிக்கொள்ளும்போது எவருக்கும் பணம் சேர்வதில்லை, எவருக்கும் பதவி கிடைப்பதில்லை. ஆனால் ஒருவர் மற்றவரிடம் தம்மைச் சிறிது திறந்து காட்டுகிறார். மற்றவர் அதனை ஏற்றுக்கொள்கிறார். இது பயனன்றி வேறென்ன? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை தோன்றும் இடங்கள் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார் என்பதை இங்கு நினைவுகூர்வது தகும். செல்வத்தோடும் அறிவோடும் காதலோடும் ஒரே வரிசையில் விளையாட்டை வைப்பதற்கு அவர் தயங்கவில்லை.

இனி உதாரணத்துக்கு வருவோம். பறக்கும் வீரர்களுள் மூத்தவன் சூப்பர்மேன். அவனைப் படைத்தவர்கள் ஜெரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்னும் இரண்டு இளைஞர்கள். இருவரும் அமெரிக்காவில் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் பொருளாதார மந்தம் நிலவிய காலத்தில் வளர்ந்தவர்கள். 1938இல் ‘அக்ஷன் கொமிக்ஸ்’ முதலாவது இதழில் அவர்களுடைய வீரன் தோன்றினான். அன்றைய சூப்பர்மேன் யாருடன் போராடினான் என்பதைப் பின்னர் வந்தவற்றை மட்டும் பார்த்தவர்கள் அறியமாட்டார்கள். அதே ஆண்டில் வெளிவந்த மூன்றாவது இதழில் அவன் எதிர்கொள்வது ஒரு சுரங்க முதலாளியை. விபத்தில் சிக்கிய தொழிலாளியின் மீதே பழியைப் போடும் அந்த முதலாளியையும், விருந்துக்கு வந்த அவனுடைய செல்வ நண்பர்களையும் சுரங்கத்துக்குள் அகப்படச் செய்து, பாதுகாப்புச் சாதனங்கள் எவ்வளவு பழுதுபட்டவை என்பதை அவர்களே கண்டறியுமாறு விடுகிறான். எட்டாவது இதழில், சேரிப் பிள்ளைகள் குற்றவாளிகளாவதற்குச் சேரியே காரணம் என்று கண்டு, பாழடைந்த குடியிருப்புகளை இடித்துத் தள்ளுகிறான். அரசு வேறு வழியின்றி அங்கே புதிய வீடுகளைக் கட்டிக்கொடுக்கிறது.

இக்கதைகளைப் புரட்சி இலக்கியம் என்று எவரும் சொல்லப்போவதில்லை. தொழிலாளர் தாமே ஒன்றுசேர்ந்து தம் நிலையை மாற்றுவது இவற்றில் இல்லை. வானத்திலிருந்து ஒருவன் வந்துதான் மாற்றுகிறான். முதலாளியும் ஒரு நாள் அனுபவத்தில் மனந்திருந்திவிடுகிறான். ஆயினும் வேலையில்லாத் திண்டாட்டத்தின் நடுவே வளர்ந்த இரு இளைஞர்களின் கோபமும் ஏக்கமும் இக்கதைகளில் உண்மையாகவே இருக்கின்றன. 10 சதம் கொடுத்து அவ்விதழை வாங்கிய சிறுவன் அந்த ஏக்கத்தைத்தான் முதலில் வாங்கினான் எனலாம்.

அந்த வீரன் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் வந்தபோது என்ன நிகழ்ந்தது? 1940இல் தொடங்கிய வானொலித் தொடர், 1946இல் ‘கூ க்ளக்ஸ் க்ளான்’ இயக்கத்தை மனத்திற் கொண்டு 16 பகுதிகளில் ஒரு கதையை ஒலிபரப்பியது. வெள்ளை நிறவெறியை வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கேட்கும் நேரத்தில் அது எள்ளி நகையாடியது. 1951இல், தொலைக்காட்சித் தொடருக்கு முன்னோடியாக ஜோர்ஜ் ரீவ்ஸ் நடித்த ஒரு சிறிய திரைப்படம் வந்தது. உலகிலேயே ஆழமான எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டதால் நிலத்தின் அடியில் வாழ்ந்த குள்ள மனிதர்கள் மேலே வந்துவிடுகிறார்கள். ஊரவர் துப்பாக்கியுடன் அவர்களை வேட்டையாடத் திரளுகிறார்கள். சூப்பர்மேன் போராடுவது அந்த வேற்று மனிதர்களுடன் அன்று. அவர்களைக் கொல்ல வந்த கும்பலுடன். அமெரிக்காவில் வேறுபட்ட கருத்துடையோரை வேட்டையாடுவது அரசியலாக இருந்த ஆண்டுகளில் எடுக்கப்பட்ட படம் இது என்பதை மறக்கலாகாது.

1952இல் ஒளிபரப்பாகத் தொடங்கி 1958இல் முடிந்த அத்தொடரில் 104 பகுதிகள் இருந்தன. காலை உணவுத் தானியம் விற்கும் கெலொக்ஸ் நிறுவனம் அதற்கு விளம்பர ஆதரவு தந்தது. முதற் பருவத்தின் கடுமை இரண்டாவது பருவத்திலிருந்து குறைக்கப்பட்டது, தயாரிப்பாளரும் மாறினார். வங்கிக் கொள்ளையரும், கோமாளித் திருடரும், விசித்திர விஞ்ஞானிகளும் எஞ்சினர். சுரங்க முதலாளியை அதன் பின் காண்பது அரிதாயிற்று. வாய்மைக்காகவும் நீதிக்காகவும் போராடுபவன் என்ற அறிமுகத்துடன் ‘அமெரிக்க வழி’ என்னும் மூன்றாவது இலட்சியமும் ஒட்டிக்கொண்டது. அது யுத்த காலமாகிய 1942இல் வானொலியில் சேர்க்கப்பட்ட சொல். தொலைக்காட்சியின் மூலம் உலகெங்கும் பரவியது. இம்மாற்றத்தை எந்தச் சிறுவன் கேட்டான்? எவனும் கேட்கவில்லை. விற்பவருக்கு எது பாதுகாப்பானதோ அது அவனுக்குக் கொடுக்கப்பட்டது. அவன் அதிலும் தனக்கு வேண்டியதைத் தேடிக்கொண்டான்.

இங்கேதான் கூண்டில் நிறுத்தப்பட வேண்டியது யார் என்ற கேள்வி எழுகிறது. சூப்பர்மேனின் முழு உரிமையும் 1938இல் 130 டொலருக்கு வாங்கப்பட்டது. படைத்தவர்கள் பின்னர் வழக்குத் தொடுத்தனர், தோற்றனர். அவர்களுடைய பெயர்களே கதையிலிருந்து நீக்கப்பட்டன. சீகல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் தட்டெழுத்து இலிகிதராக வேலை பார்த்தார். ஷுஸ்டர் பார்வை மங்கிய நிலையில் வறுமையில் வாழ்ந்தார். பெரும் பொருட்செலவில் சூப்பர்மேன் திரைப்படம் தயாராகவிருந்த வேளையில், சக சித்திரக் கலைஞர்கள் பகிரங்கமாகக் கிளர்ச்சி செய்த பின்னரே, 1975இல் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 டொலர் ஓய்வூதியமும், பெயரிடும் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்தன. அந்த முதலாவது இதழின் ஒரு பிரதி 2024இல் 60 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. அந்தப் பணத்தில் ஒரு சதமும் வரைந்த கையைச் சேர்ந்ததன்று. அறம் பற்றிய கேள்வி இவ்வரலாற்றில் எங்கே இருக்கிறது என்று தேடினால், கண்டு மகிழ்ந்த சிறுவனிடத்தில் அது இல்லை என்பது தெளிவு.

ஆயினும் விசாரணை அச்சிறுவனை நோக்கியே திரும்பியது. அதனை நடத்தியவர் பிற்போக்குவாதி அல்லர் என்பதே முற்போக்காளராகிய நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி. மனநோய் மருத்துவர் பிரெட்ரிக் வேர்தம் 1946இல் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில், ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில், கறுப்பின மக்களுக்காக ஒரு மனநல நிலையத்தைத் தொடங்கினார். அங்கு கட்டணம் 25 சதம். அதுவும் இல்லாதவர் கொடுக்க வேண்டியதில்லை. அந்நிலையத்துக்கு அவர் வைத்த பெயர் லபார்க். கார்ல் மார்க்ஸின் மருமகனும், கியூபாவிற் பிறந்தவரும், மருத்துவம் கற்றவருமான போல் லபார்க்கின் நினைவாக வைத்த பெயர் அது. இனப்பிரிவினைப் பாடசாலைகள் பிள்ளைகளின் மனத்தை எவ்வாறு சிதைக்கின்றன என்று டெலவெயர் மாநில நீதிமன்றத்தில் அவர் சாட்சியமளித்தார். பாடசாலைகளில் இனப்பிரிவினை சட்டவிரோதமானது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் முடிந்த வழக்குகளுள் அதுவும் ஒன்று.

அதே மருத்துவர், அதே 1954ஆம் ஆண்டில், சித்திரக்கதைகள் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று ஒரு நூலை வெளியிட்டார். சூப்பர்மேன் பாசிச மனப்பான்மையை வளர்க்கிறான் என்றார். பேட்மேனுக்கும் அவனோடு வாழும் சிறுவனுக்கும் இடையிலான உறவு முறைதவறியது என்றார். அமெரிக்க செனற் சபையின் குழுவொன்று அவரை அழைத்து விசாரித்தது. அஞ்சிய பதிப்பாளர்கள் தமக்குத் தாமே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை ஏற்படுத்திக்கொண்டனர். அவ்விதிகளுள் ஒன்று, காவற்றுறையினர், நீதிபதிகள், அரச அதிகாரிகள் ஆகியோர் மீது மதிப்புக் குறையும் வண்ணம் எதனையும் சித்திரிக்கலாகாது என்பது. வேர்தம் இந்த விதித்தொகுப்பைக் கேட்டவர் அல்லர். பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கு விற்பதைச் சட்டம் தடுக்க வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. ஆயினும் அவருடைய பிரசாரத்தின் விளைவு அதுவாயிற்று.

அவ்விளைவின் ஓர் உதாரணத்தைச் சொல்ல வேண்டும். நிறத்தால் பிரிக்கப்பட்ட இயந்திர மனிதர்கள் வாழும் ஒரு கிரகத்தைப் பரிசோதிக்கப் பூமியிலிருந்து ஓர் அதிகாரி செல்கிறார். இப்பிரிவினை நீங்கும் வரை உங்களை எம் குடியரசிற் சேர்க்க முடியாது என்று சொல்லித் திரும்புகிறார். இறுதிச் சித்திரத்தில் அவர் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பினத்தவர். 1953இல் வெளிவந்த இக்கதையை மறுபடி அச்சிட முனைந்தபோது, புதிய தணிக்கை அதிகாரி அந்த இறுதி முகம் கறுப்பாக இருத்தல் ஆகாது என்றார். பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் பணியவில்லை. 1956இல் கதை மாற்றமின்றியே வெளிவந்தது. இனப்பிரிவினைக்கு எதிராகச் சாட்சி சொன்ன மனிதரின் இயக்கம் எங்கே போய் முடிந்தது என்று பாருங்கள்.

வேர்தம் தவறியது எவ்விடத்தில்? 2010இல் அவருடைய ஆவணங்கள் ஆய்வாளருக்குத் திறந்துவிடப்பட்டன. அவற்றை ஆராய்ந்த கரோல் டிலி என்னும் பேராசிரியை 2012இல் தம் முடிவுகளை வெளியிட்டார். பிள்ளைகள் சொன்னவற்றை வேர்தம் வெட்டியும் ஒட்டியும், இருவர் கூற்றை ஒருவர் கூற்றாக்கியும், மிகைப்படுத்தியும் எழுதியிருந்தார் என்பது அதனால் வெளிப்பட்டது. அப்பிள்ளைகள் ஒரு மருத்துவரிடம் மனந்திறந்து தமக்குப் பிடித்த கதைகளைப் பற்றிப் பேசியவர்கள். அவர்களுடைய பேச்சைக் கேட்டவர், அதனை வழக்குக்கான சான்றாக மாற்றினார். அவருடைய நோக்கம் உயர்ந்தது; பிள்ளைகளை இலாபத்துக்காக ஏமாற்றும் வணிகத்தின் மீது அவர் கொண்ட கோபமும் நியாயமானது. ஆனால் தாம் முன்னரே எழுதிவைத்த தீர்ப்புக்கு ஏற்றவாறு பிள்ளைகளின் விருப்பத்தை வளைத்தார். விரும்புபவனை விசாரிக்கத் தொடங்கினால், எவ்வளவு நல்ல மனிதரும் இந்த இடத்துக்கு வந்து சேரும் அபாயம் உண்டு.

அப்படியாயின் விருப்பத்தைக் கேள்வி கேட்காது விட்டுவிடலாமா? அதுவும் ஆகாது. 1966 ஜனவரியில் தொடங்கி 1968 மார்ச்சில் முடிந்த பேட்மேன் தொலைக்காட்சித் தொடரை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் வாரத்தில் இரண்டு இரவுகள் அது ஒளிபரப்பாயிற்று. முதல் நாள் வீரன் ஆபத்திற் சிக்குவான், மறுநாள் தப்புவான். சிறுவருக்கு அது மெய்யான வீரக்கதை. பெரியவருக்கு அது பகிடி. அடிதடிக்கு நடுவே திரையில் ஓசைச் சொற்கள் வெடிக்க, நாயகன் அடம் வெஸ்ட் முகத்திற் சிரிப்பே இல்லாமல் நீதிமொழிகளை உதிர்ப்பார். ஒரே காட்சியில் பிள்ளை வீரத்தைக் கண்டு மகிழ, தந்தை கேலியைக் கண்டு மகிழ்ந்தார். இருவருடைய மகிழ்ச்சியும் பொய்யன்று.

அத்தொடரின் மூன்றாம் பருவத்தில் பூனைப் பெண்ணாக நடித்தவர் ஏர்தா கிற். கறுப்பினப் பெண்ணொருவர் வெள்ளை நாயகனைத் திணறடிக்கும் பாத்திரத்தில் அன்று தோன்றியது சிறிய விடயமன்று. 1968 ஜனவரியில் ஜனாதிபதி ஜோன்சனின் மனைவி வெள்ளை மாளிகையில் அளித்த மதிய விருந்தில், இளைஞர்கள் ஏன் கிளர்ச்சி செய்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது, வியட்நாம் யுத்தத்துக்காகப் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோம் என்பதைக் கிற் முகத்துக்கு நேரே சொன்னார். அதன் பின் அமெரிக்காவில் அவருக்கு வேலை கிடைப்பது நின்றுபோயிற்று. ஐரோப்பாவுக்குச் சென்று பாடிப் பிழைத்தார். உளவுத்துறை அவரைப் பற்றிக் கோவை தயாரித்திருந்தது என்பது 1975இல் பத்திரிகையில் அம்பலமாயிற்று. அதே தொடரில் வௌவாற் பெண்ணாக நடித்த இவோன் கிரேக், 1970களின் தொடக்கத்தில் தொழிற் திணைக்களத்துக்காக எடுக்கப்பட்ட ஒரு சிறு விளம்பரப் படத்தில் அதே வேடத்திலே தோன்றினார். கட்டுண்டு கிடக்கும் வீரர்களை அவிழ்ப்பதற்கு முன், ஆண் உதவியாளனுக்குக் கொடுக்கும் சம்பளத்தை எனக்கும் கொடு என்று கேட்டார். பேட்மேன் தொடர் ஒளிபரப்பான காலத்திலேயே ‘கிறீன் ஹோர்னெட்’ தொடரில் புரூஸ் லீ வெள்ளை வீரனின் சாரதியாக, வேலையாளாக நடித்துக்கொண்டிருந்தார். ஹொங்கொங் மக்களோ அத்தொடரை அந்த வேலையாளின் பெயராலேயே அழைத்தனர். நாயகன் யார் என்பதை அவர்கள் தாமே தீர்மானித்துக்கொண்டார்கள்.

இச்செய்திகளை நமக்குப் பாதுகாத்துத் தந்தவர்கள் யார்? பெரும்பாலும் அத்தொடர்களை நேசித்தவர்களே. வெறுத்து ஒதுக்கியவர் நடிகையின் பெயரைக்கூட அறியமாட்டார். விரும்பியவன்தான் யார் எழுதினார், யார் வரைந்தார், யாருக்குக் கூலி மறுக்கப்பட்டது என்று தேடிச் சென்றான். சீகலுக்கும் ஷுஸ்டருக்கும் நீதி கேட்டுக் குரல் எழுப்பிய சித்திரக் கலைஞர்களுள் சிலர், சிறுவயதில் அவர்களுடைய கதைகளை வாசித்து வளர்ந்த தலைமுறையினர். விருப்பம் விமர்சனத்துக்குப் பகை என்று கருதுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

எமது ஆசிரியர் ஓய்வறையில் தேநீர் இடைவேளையொன்றில் நடந்த உரையாடல் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவர், கோபம் வந்தால் பச்சை நிற அரக்கனாக மாறும் மனிதனின் கதையாகிய ‘ஹல்க்’ தொடரைத் தாம் மறுபடியும் பார்ப்பதாகச் சொன்னார். அருகிலிருந்த ஒருவர் சிரித்துவிட்டு, நல்ல நாவல்களை வாசிக்கக் கூடாதா என்று கேட்டார். நண்பர் மௌனமானார். 1978 முதல் 1982 வரை ஒளிபரப்பான அத்தொடரை உருவாக்கிய கெனத் ஜோன்சன், அவ்வேளையில் விக்டர் ஹியூகோவின் பெரு நாவலை வாசித்துக்கொண்டிருந்தவர் என்பதும், அதிலிருந்தே தம் நாயகனையும் அவனைத் துரத்துபவனையும் அமைத்துக்கொண்டவர் என்பதும் சிரித்தவருக்குத் தெரியாது. சுத்தானந்த பாரதியாரின் தமிழில் ‘ஏழை படும் பாடு’ என நாம் அறிந்த அதே நாவல். ஜீன் வல்ஜீனைப் போலவே டேவிட் பானரும் பெயரை மாற்றிக்கொண்டு, ஊர் ஊராகக் கூலி வேலை செய்து, பிறருக்கு உதவி, அடையாளம் வெளிப்பட்டதும் அடுத்த ஊருக்கு நடக்கிறான். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நெடுஞ்சாலையில் அவன் தனியே நிற்கிறான்.

ஆகவே ஹியூகோவும் ஹல்க்கும் சமம் என்று சொல்வதா? இல்லை. அது பொய்யான தாராளம். ஹியூகோவின் நாவலில் ஒரு சமுதாயம் முழுவதும் கூண்டில் நிற்கிறது. மக்கள் தெருவில் தடையரண் கட்டுகிறார்கள். துரத்துபவனின் மனச்சான்று உடைகிறது. தொலைக்காட்சித் தொடரிலோ அடுத்த வாரமும் கதை தொடர வேண்டும். எனவே எதுவும் மாறக் கூடாது. பானர் ஓர் ஊரில் ஓர் அநீதியைத் தீர்ப்பான், அநீதிக்குக் காரணமான அமைப்பு அப்படியே இருக்கும், அவன் போய்விடுவான். வீரத் தொடர்கள் அனைத்தின் அடிப்படைக் குறைபாடும் இதுதான். பலவான் ஒருவன் காப்பாற்றுகிறான், மக்கள் நின்று பார்க்கிறார்கள், பின் எல்லாம் பழையபடி ஆகின்றது. இந்த விமர்சனம் கடுமையானது. அது சொல்லப்பட வேண்டியது. ஆனால் அதனைக் கணித ஆசிரியருடன் சேர்ந்து பேசியிருக்கலாம். அந்தத் தனி மனிதனின் நடையில் உமக்குப் பிடித்தது என்ன என்று கேட்டிருக்கலாம். கோபத்தை அடக்கியே வாழ வேண்டியிருக்கும் மனிதருக்கு அக்கதை என்ன சொல்கிறது என்பதை அவர் வாயால் அறிந்திருக்கலாம். சிரித்ததால் அந்த விமர்சனமும் சொல்லப்படவில்லை, அந்த விடையும் கிடைக்கவில்லை.

ஈழத்துத் தமிழ் இலக்கிய வரலாறு அறிந்தோருக்கு இச்சிரிப்பு புதிதன்று. 1960களின் தொடக்கத்தில் நடந்த மரபுப் போராட்டத்தில், சாதாரண மக்களின் பேச்சையும் வாழ்வையும் எழுதியவர்கள் மீது ‘இழிசனர்’ என்னும் சொல் வீசப்பட்டது. அந்தச் சொல் ஒரு படைப்பின் குறையைச் சுட்டவில்லை. அதனை எழுதியவரையும் வாசித்தவரையும் கீழே தள்ளியது. அதனை எதிர்த்து நின்ற மரபுக்கு உரியவர்கள், வேறொருவர் விருப்பத்தின் மீது அதே தொனியைப் பிரயோகிப்பது பொருந்தாது.

ஓய்வு என்பதே போராடிப் பெற்ற பொருள் என்பதையும் மறக்கலாகாது. மேலே சொன்ன போல் லபார்க் 1880இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பு, சோம்பியிருக்கும் உரிமை என்பது. வேலை செய்வதையே மனிதனின் பெருமையாகப் போற்றும் வழக்கத்தை அவர் அதிற் கடுமையாகத் தாக்கினார். 1886 மே முதலாந் திகதி அமெரிக்கத் தொழிலாளர் எட்டு மணி நேர வேலைக்காக வேலைநிறுத்தம் செய்தபோது, எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், எட்டு மணி தம் விருப்பப்படி என்பது அவ்வியக்கத்தின் முழக்கமாக இருந்தது. அந்த மூன்றாவது எட்டு மணிக்கு எவரும் மேற்பார்வையாளர் வைக்கவில்லை. முதலாளியின் மேற்பார்வையாளனை வெளியேற்றிவிட்டு, அந்த நேரத்தில் நாமே மேற்பார்வையாளராக நுழைவது முறையாகுமா? அதே வேளை, அந்த நேரத்துக்குள் வணிகம் நுழைந்துவிட்டது என்பதும் உண்மை. பழைய தொடர்களின் ஒளித்தட்டுகளும் பொம்மைகளும் இன்று, ஒரு காலத்தில் அவற்றைப் பார்த்த பிள்ளைகளாகிய பெரியவர்களுக்கே திரும்ப விற்கப்படுகின்றன. தன் சிறுபராய நினைவையே ஒருவன் விலைகொடுத்து வாங்கவேண்டியிருப்பது வேடிக்கையான நிலை. இதனைச் சுட்டிக்காட்டுவது நம் கடமை. ஆனால் நினைவு அவனுடையது, விலைச்சீட்டு விற்றவனுடையது என்ற வேறுபாட்டை வைத்துக்கொண்டே சுட்டிக்காட்ட வேண்டும்.

ஆசிரியராகிய நமக்கு இவ்வேறுபாடு அன்றாடம் வேண்டியது. பொழுதுபோக்கு யாது என்று கேட்டால் ‘நூல் வாசித்தல்’ என்று எழுதாத மாணவன் அரிது. அவன் உண்மையில் எதனைப் பார்க்கிறான், எதனை வாசிக்கிறான் என்பது நமக்குத் தெரியாது. நாம் கேட்க விரும்பும் விடையைச் சொல்ல அவன் பழகிவிட்டான். விருப்பத்தைப் பற்றிப் பொய் சொல்லப் பழகியவன், பின்னர் ஒரு கவிதையைப் பற்றியோ ஓர் அரசியற் கூட்டத்தைப் பற்றியோ தன் உண்மை எண்ணத்தை எவ்வாறு சொல்வான்? பரீட்சைத்தாளில் நயம் பாராட்டி எழுதுவான். அந்த நயம் அவனுடையதாக இராது. விமர்சனம் என்பது தன் மகிழ்ச்சியை ஒளிக்காது ஒப்புக்கொள்வதில் தொடங்குகிறது. எனக்கு இது பிடித்தது, ஏன் பிடித்தது, இதில் எனக்குப் பொறுக்க முடியாதது எது, இதனை ஆக்கியவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுச் செல்லும் மாணவன், சூப்பர்மேனில் தொடங்கினாலும் சுரங்கத் தொழிலாளியிடம் வந்து சேர்வான்.

அவனை அவ்விடத்துக்கு அழைத்துச் செல்வதற்கு வகுப்பறைப் பாடத்தைவிட, வகுப்பு முடிந்த பின் மரநிழலில் நடக்கும் பேச்சே சில வேளைகளில் அதிகம் உதவும். அப்பேச்சில் அவன் தனக்குப் பிடித்த பழைய வீரனைப் பற்றிச் சொல்லும்போது, மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலையை நாம் உண்டாக்காதிருப்போமாக. நமக்குப் பிடித்ததையும் ஒளியாது சொல்வோம். அதன் பின் நாம் இருவரும் சேர்ந்து கேட்கவேண்டிய கேள்விகள் ஏராளம் இருக்கின்றன.